மஞ்சள் வெளுத்த குழி

என்னால் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ் வரும்வரை நில் என்றால் அடுத்த ஸ்டாப் வரை நடந்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்குக் காத்திருப்பதே வேலையாக வாய்த்தது. காஞ்சிபுரத்தில், காசநோயாளிகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஓர் ஆய்வில் மூன்று வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன்.

கிருமி உள்ளே வந்தால் அதை எதிர்க்க உடம்பு தானே ஒன்றைத் தயாரித்து ரத்தத்தில் விடும். ஆன்டிபாடி என்று நாங்கள் சொல்வது அதைத்தான். சிகிச்சை தொடங்கும் நாளில் ஒரு தடவை, இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை, ஆறாவது மாதம் மாத்திரை முடியும்போது ஒரு தடவை என்று ஒவ்வொருவரிடமும் மூன்று முறை ரத்தம் எடுப்போம். மருந்து வேலை செய்யச் செய்ய அந்த அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆய்வு.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் தொண்ணூற்றாறு குட்டிக் குழிகள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, சீரம் என்ற தெளிந்த நீரைக் குழிகளில் விட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கழுவ வேண்டும். அடுத்த திரவத்தை விட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். கடைசியில் நிறம் காட்டும் திரவத்தை விட்டால் குழிகள் நீலமாகும். அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாகிவிடும். எதிர்ப்பொருள் அதிகமென்றால் அடர் மஞ்சள், குறைவென்றால் வெளிர் மஞ்சள். தட்டை மெஷினுக்குள் வைத்தால் ஒவ்வொரு மஞ்சளுக்கும் ஓர் எண் வரும்.

காத்திருக்கும் அந்த நேரங்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருப்பேன். டைமரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வேன். அது அடிப்பதற்கு முன்பே நான்கு தடவை எடுத்துப் பார்த்துவிடுவேன்.

ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். "இந்த எண்ண வச்சு ஒருத்தருக்கு மாத்திரைய கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. டி.பி. இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கே இந்த மாதிரி ரத்தப் பரிசோதனைய செய்யக் கூடாதுன்னு கவர்மென்ட் தடை போட்டிருக்கு. நாம பண்றது ஆராய்ச்சிக்கு மட்டும். யார் கேட்டாலும் ரிசல்ட் சொல்லக் கூடாது." ரத்தம் கொடுக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் தாளிலும் அது இருந்தது. நானே எத்தனையோ பேருக்கு அந்த வரியைப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

யாரும் கேட்டதும் இல்லை. அதுதான் என்னை உள்ளூர அரித்துக்கொண்டிருந்தது. நோயாளிகளுக்குச் சளிப் பரிசோதனை என்ன ஆனது, எடை கூடியிருக்கிறதா, எப்போது வேலைக்குப் போகலாம் என்பவைதான் கவலை. என் தட்டைப் பற்றி அவர்களுக்கு என்ன? வீட்டிலும் அப்படித்தான். செவிலிமேட்டில் எங்கள் வீடு. என் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். "இன்னிக்கு தட்டு நல்லா வந்துச்சு" என்று ஒருநாள் சொன்னபோது, இட்லித் தட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நிலைமையில்தான் சாயக்காரர் வந்தார்.

பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் வீடு. மனைவி வீட்டிலேயே தறி நெய்கிறார். பத்தாவது படிக்கும் ஒரு மகள். முதல் தடவை ரத்தம் எடுக்கக் கையை நீட்டியபோது அவருடைய நகக்கண்ணெல்லாம் அரக்கு நிறத்தில் இருந்தது. ரத்தக் கசிவோ என்று துடைக்கப் போனேன். சிரித்தார்.

"அது போவாதும்மா. போன வாரம் போட்ட கலரு. அடுத்த வாரம் வந்தா பச்சையா இருக்கும்."

மற்றவர்கள் ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர் ரத்தம் குழாயில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாதம் வந்தபோது இரண்டு கிலோ ஏறியிருந்தார். சளியிலும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் மாத்திரையைப் பற்றிப் பெரிய குறை அவருக்கு.

"வயித்தப் பொரட்டுதும்மா. ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலரு. வேர்வ பட்டு பனியன்கூட அந்த கலராயிடுச்சு. உடம்புக்குள்ள எவனோ சாயப்பட்டறை வச்சிக்கினு கீற மாதிரி இருக்குது."

"மாத்திரையோட நிறம்தாண்ணா அது. பயப்படாதீங்க. ஆறு மாசம் முடிஞ்சதும் போயிடும்" என்றேன்.

மூன்றாம் மாத மாத்திரை வாங்க வந்த அன்று காலை அவருடைய குழிகள்தான் என் தட்டில் இருந்தன. முதல் ரத்தத்தையும் இரண்டாவது ரத்தத்தையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்வது வழக்கம். குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அந்த எண்ணை ஒட்டுகிறவளே நான். எந்தக் குழி யாருடையது என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா?

லேப் கதவு பாதி திறந்திருந்தது. அமிலம் விட்டு முடித்து, தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரைப் பையோடு வராந்தாவில் போனவர் நின்றுவிட்டார்.

"அடேயப்பா, இன்னாம்மா இது? ஒரே மஞ்சள்ள இத்தினி ஷேடா?"

உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாசல்படியில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். எந்த அவசரமும் இல்லாமல் ஒவ்வொரு குழியாக நிறத்தைச் சொல்லிக்கொண்டு போனார். இது மாம்பழம், இது எலுமிச்சை, இது சந்தனம், இது சந்தனத்திலேயே அரைச் சந்தனம். அவர் சொல்லி முடித்ததும் தட்டை மெஷினில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன வரிசையும் மெஷின் தந்த வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. என் வேலையை ஒரு மனிதர் பார்க்கிறார், புரிந்துகொள்கிறார், வாயைப் பிளக்கிறார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இதுல எனுது எதும்மா?" என்றார்.

நான் காட்டினேன். அதை எந்தச் சுற்றும் இல்லாமல் இங்கே எழுதிவிட வேண்டும். விரலை நீட்டி, இது மருந்து தொடங்கும்போது எடுத்தது, இது இப்போது எடுத்தது என்று காட்டினேன். முதலாவது நல்ல மாம்பழ மஞ்சள். இரண்டாவது வெளுத்த எலுமிச்சை.

"வெளுத்துப் போச்சே" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாண்ணா, கொறஞ்சிருக்கு" என்றேன் நானும் சிரித்துக்கொண்டு. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொன்னேனா? சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், சொன்னதாக நிச்சயமாக நினைவில்லை.

ஆறாவது மாதம் மூன்றாவது ரத்தத்துக்காக அவருக்கு போன் செய்தேன். நாளைக்கு வருகிறேன் என்றார். வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி செய்தேன். அடுத்த திங்கட்கிழமை என்றார். அன்றும் வரவில்லை. மாத்திரைக் கணக்கு பார்க்கும் பணியாளரிடம் கேட்டேன். மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே ஒரு போன் நம்பர் தெரியும். அன்றைய மாத்திரையை விழுங்கியதும் அந்த நம்பருக்கு அடிக்க வேண்டும். இவர் ஒருநாள்கூடத் தவறவில்லை என்று கம்ப்யூட்டர் காட்டியது. அப்படியும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரத்தம் எடுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

தெருவில் நுழையும்போதே இருமல் கேட்டது. எந்த வீட்டிலிருந்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முன்னறையில் தறி. அவர் மனைவி தறிக் குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். சுவரோரம் ஸ்டூலில் இவர். ஏறிய இரண்டு கிலோவும் போய், அதற்கு மேலும் போயிருந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

"ஏண்ணா, ரெண்டு தடவ போன் பண்ணேனே, வரவே இல்லியே?"

"முகூர்த்த மாசம்மா. பட்டறைய விட்டு நவுற முடியல."

"இந்த இருமல் எத்தினி நாளா?"

"அது சாயப் புகை. வருசா வருசம் இருக்கறதுதான்."

"மாத்திரை ஒழுங்கா போடறீங்க இல்ல?"

மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மறைக்க ஒன்றும் இல்லை என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். "அத எப்பவோ நிறுத்திட்டனேம்மா. நீதான காட்டுன? மாம்பழக் கலரு எலுமிச்சையா வெளுத்துப் போச்சுன்னு. வெளுத்தப்புறம் இன்னாத்துக்கு அத முழுங்கிக்கினு?"

தறிச் சத்தம் நின்றது.

"இன்னாது, நிறுத்திட்டியா?" என்றார் மனைவி. "தெனம் என் எதுர்ல தான போன் அடிச்ச?"

"போன் அடிச்சேன். மாத்திரைய சாக்கடையில போட்டேன்."

அவர் கணவனைத் திட்டுவார் என்று நினைத்தேன். குழியிலிருந்து எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாம்மா காட்டின இவருக்கு?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயமாகவும் எவ்வளவு பெரிய விஷயமாகவும் இருந்தது என்பது என் காதிலேயே கேட்டது.

"அத வச்சி நோயி போச்சுன்னு சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுக்கா."

"அப்ப எதுக்குக் காட்டின?"

அவரே தொடர்ந்தார். "அந்தாளு கலரப் பாத்துட்டா வேற எவன் சொல்றதையும் கேக்க மாட்டாரு. இருவது வருசமா பாத்துக்கினு கீறேன். உனக்கு அது தெரியாது, சரி. தெரியாதவ இன்னாத்துக்கு வாய விட்ட?"

மூன்று மாதத்துக்கும் மேலாக அவர் மாத்திரை போடவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். மனைவியே அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் அதே ஆட்டோவில் ஏறப் போனேன். "நீ வேற வண்டியில வா" என்றார். நடந்தே வந்தேன். எப்படி வந்தேன், எந்தத் தெரு வழியாக வந்தேன் என்று நினைவில்லை.

சளி கொடுத்தார். அதில் லேசாக ரத்தம் இருந்தது. ஆய்வுக்கான மூன்றாவது ரத்தமும் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நான் பெட்டியை ஒரு சிஸ்டரிடம் நீட்டினேன். அவர் எடுத்தார். கிருமி இருக்கிறதா, இருந்தால் முக்கியமான மருந்துக்கு அது பழகிப்போய்விட்டதா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லும் மெஷினில் சளியை வைத்தார்கள். அரைகுறையாக மாத்திரை போட்டு நிறுத்தியவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பயம். மருந்துக்கு மசியாத கிருமி என்றால் சிகிச்சை வேறு, அவஸ்தை வேறு.

அந்த இரண்டு மணி நேரத்தின் முதல் பத்து நிமிடத்தில் டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"அவர் கேட்டாரா, நீயா காட்டினியா?"

"கேட்டாரு மேடம். ஆனா நான் சந்தோசமா காட்டினேன்."

"எழுதிக் கொடு. ஆய்வக் கவனிக்கற கமிட்டிக்கு அனுப்பணும். அது வரைக்கும் நீ நோயாளிங்க பக்கம் போவாத."

வெளியே வந்து நடந்தேன். ரங்கசாமிகுளம் வரை போய்த் திரும்பினேன். ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது. வராந்தா பெஞ்சில் சாயக்காரர் சுவரில் தலை சாய்த்துக் கண் மூடியிருந்தார். பக்கத்தில் மனைவி. அவர்களைக் கடந்துதான் நான் லேபுக்குப் போக வேண்டும். அதனால் போகவில்லை. வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் சுற்றி வந்தேன். என் கோட்டுப் பையில் டைமர் ஓடிக்கொண்டிருந்தது. அன்று அதற்கு வேலையே இல்லை. நானாகத்தான் இரண்டு மணி நேரத்துக்கு வைத்திருந்தேன். எடுத்து எடுத்துப் பார்த்ததில் பட்டன் எதையோ அழுத்தி அதுவும் நின்றுபோனது.

டாக்டரம்மாவே வெளியே வந்து சொன்னார். "கிருமி இருக்குது. மருந்துக்குக் கட்டுப்படற கிருமிதான்." மற்ற மருந்துகளுக்கும் அப்படித்தானா என்று உறுதியாகத் தெரிய, கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள். இருந்தாலும் அன்றைக்கே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள், முதலிலிருந்து. மனைவிக்கும் மகளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இருவருக்கும் நோய் இல்லை. ஆனால் நோய் வராமல் தடுக்க அம்மாவோடு அந்தப் பெண்ணும் மாத்திரை போட வேண்டியதாயிற்று. அவளுக்கு அது பொதுத்தேர்வு வருடம்.

கமிட்டிக்கு எழுதும் தாளை ஐந்து தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியம் என்னை அறியாமலேயே "பங்கேற்பாளருக்கு முடிவு தெரியவந்தது" என்று வந்தது. டாக்டரம்மா அதைச் சிவப்பில் அடித்துவிட்டு, ஓரத்தில் "யார் தெரிவித்தது?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஆறாவது தடவை "நான் காட்டினேன்" என்று எழுதினேன். இரண்டு சொற்கள். கமிட்டியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. குழாயில் எண் ஒட்டுவதையும் தட்டு போடுவதையும் இனி ஒரே ஆள் செய்யக் கூடாது என்று விதி வந்தது. எனக்குத் தட்டு மட்டும்.

ஒரு மாதம் கழித்து சாயக்காரருடைய மூன்று ரத்தமும் சேர்ந்து ஒரு தட்டில் வந்தது. இந்தத் தடவை எண்கள் எனக்குத் தெரியாது. முடிவுகளை டாக்டரம்மா கணினியில் சேர்த்த பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் ரத்தம் அதிகம். இரண்டாவது குறைவு. மூன்றாவது, கிருமியும் ரத்தமுமாக அவர் இருமிக்கொண்டிருந்த நாளில் எடுத்தது, இரண்டாவதைவிடவும் குறைவு.

"சிலருக்கு இப்படித்தான். ஏன்னு யாருக்கும் முழுசாத் தெரியல" என்றார். "அதுக்குத்தான் அளந்துக்கினு கீறோம்." அவரும் இந்த ஊர்க்காரர். களைத்துப்போனால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

அந்த மஞ்சளை நம்பிச் சாயக்காரர் மாத்திரையைச் சாக்கடையில் போட்டார். அவருக்கு மறுபடி நோய் வந்தபோதும் அது அதே மாதிரி வெளுத்துக்கொண்டு நின்றது. தட்டில் எதுவும் தப்பாக நடக்கவில்லை. ஒழுங்காகத்தான் கழுவியிருந்தேன், ஒழுங்காகத்தான் காத்திருந்தேன். என்னால் அன்று பஸ்ஸில் உட்கார்ந்து போக முடியவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டுச் செவிலிமேடு வரைக்கும் நடந்தேன். கணவர், கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முழுவதையும் முதல் தடவையாகக் கேட்டுவிட்டு, "அந்த தட்டுல எத்தினி குழி சொன்ன?" என்றார். சொன்னேன். "அப்ப ஒவ்வொண்ணும் ஒரு ஆளா" என்றார். அது வரை அவர் அப்படி யோசித்ததில்லை. உண்மையைச் சொன்னால், நானும் யோசித்ததில்லை.

கிருமியை வளர்த்துப் பார்த்த பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. மாத்திரையைச் சாயக்காரர் கையில் கொடுப்பதை மனைவி நிறுத்திவிட்டார். தினமும் காலையில் தறியில் உட்காரும் முன் தானே அவர் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பிறகு தானே போன் அடித்தாராம். ஆறு மாதம். ஒருநாள் தென்னேரியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது பந்தியில் உட்காரும் முன் எல்லார் எதிரிலும் அதைச் செய்தார் என்று சாயக்காரரே ஒருமுறை சொன்னார். வெட்கமாக இருந்ததாம். சொல்லும்போது சிரித்தார்.

எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டா, அவருக்கு என்மேல் உண்டா என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஒருமுறை மட்டும் நானாகப் போய், "மன்னிச்சிக்கோங்கண்ணா" என்றேன். "விடும்மா. நானும்தான் பொய் போன் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவில் என்ன விலை விற்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

மாத்திரை முடிந்த நாளில் எக்ஸ்ரேயும் சளியும் பார்த்துக் குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். மனைவி ஒரு ஜவுளிக்கடைப் பை நிறையக் காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மாவின் மேஜையில் ஒவ்வொன்றாக அடுக்கி எண்ணிக் காட்டினார். நான் பக்கத்தில் ஒரு ஃபைலோடு நின்றிருந்தேன். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகப் பார்க்காமல் இருந்தார் என்பது தெரிந்தது.

ஆய்வு முடிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது நான் சளிப் பரிசோதனைப் பக்கம் வேலை பார்க்கிறேன். கிருமி இருந்தால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. அதிலும் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. நடப்பதை நான் விடவில்லை.

சில மாதங்களுக்கு முன் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். அவர் உடம்பு தேறியிருந்தார். தூரத்திலிருந்தே கையைத் தூக்கி, "நல்லா கீறேம்மா" என்று கத்தினார். மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்றும் சொன்னார். நான் மனைவியின் முகத்தைப் பார்த்து, "எப்டி இருக்கீங்கக்கா?" என்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் முன்படி வழியாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அது நானும் ஏற வேண்டிய பஸ்தான். நான் நடக்க ஆரம்பித்தேன்.